ஆறாம் தேதிக் கட்டடம்

அச்சகத்துக் காவலாளி இரும்புக் கதவைப் பாதி மட்டும் திறந்து, திறந்த பாதியில் தானே நின்றுகொண்டார். வெளியே ஸ்கூட்டரை அணைக்காமல் ஒரு காலை ஊன்றியிருந்த லிஃப்ட் மெக்கானிக், கையிலிருந்த தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தான். தாளில் முதல் வரியிலேயே அச்சகம்தான் இருந்தது.

"நேத்துதானே வந்துட்டுப் போனீங்க?"

"ஆமாண்ணே."

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது."

"ஓடும்ணே. நேத்துதானே பார்த்தேன்."

"அப்போ இன்னிக்கு எதுக்கு, எனக்கு கிரீஸ் போடவா?"

மெக்கானிக் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தத் தாளை அச்சடித்துக் கொடுத்தது அவன் அக்கா. அக்கா ஒரு நாளும் இப்படி அனுப்பியதில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் மொத்தம் மூன்று பேர்தான். அக்காவின் கணவர் மூத்த மெக்கானிக். எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அக்காவின் தம்பி இரண்டாவது மெக்கானிக். வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு, தொலைபேசி, கணினி, அச்சுப்பொறி என்ற மூன்றையும் கட்டி மேய்ப்பவள் அக்கா. அவர்கள் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாதத்தில் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதியில் போய்க் கம்பிவடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும், பிரேக்கைச் சோதிக்க வேண்டும், கதவுகளைத் துடைக்க வேண்டும். வருடம் பிறந்ததும் வருடம் முழுவதற்குமான தேதிகளை டேட்டாபேஸில் ஏற்றிவிடுவார்கள். பிறகு தினமும் காலையில் அக்கா ஒரு பெட்டியில் அன்றைய தேதியை அடித்து, 'இன்றைய வேலை' என்று எழுதிய பொத்தானை அழுத்துவாள். அச்சுப்பொறி கொஞ்சம் முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளும். வாசல் ஆணியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதைச் செருகிவிட்டால் அவள் வேலை முடிந்தது. யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தம்பி வந்து தாளை மேஜையில் வைத்தான்.

"அக்கா, நேத்து போன இடத்துக்கே மறுபடி அனுப்பியிருக்க. அச்சகத்து வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. நான் என்ன அங்க மாப்பிள்ளை விருந்துக்கா போறேன்?"

அவள் தாளைப் பார்த்தாள். அச்சகம், கண் மருத்துவமனை, பழைய வங்கிக் கட்டடம். மூன்றும் ஆறாம் தேதிக் கட்டடங்கள். இன்றைக்குத் தேதி இரண்டுதான். ஜூன் பிறந்து இரண்டே நாள். நேற்றைய தாளையும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். அதிலும் அதே மூன்று. இந்த நோயை அவளுக்குத் தெரியும். ரொம்ப வருடத்துக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் அவள் வைத்தியம் பார்த்து வைத்திருந்த நோய் அது.

அந்த டேட்டாபேஸைச் செய்தவர் லிஃப்ட்காரர்தான். கணினி படித்தவரல்ல. பழைய கணினி ஒன்றை வாங்கிவந்து, தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வரும் மாலைகளில் கிரீஸ் கறை போகாத விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டிச் செய்தார். எந்தப் பொருளையும் திறந்து பார்த்து எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் தாள் அச்சாகி வெளியே வந்த அன்று அதைப் பிறந்த குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மைத்துனனிடம் காட்டினார், பக்கத்து வீட்டாரிடம் காட்டினார், பால் கொண்டுவந்தவரிடமும் காட்டினார். அப்போது மாதத்தின் கடைசி வாரம். தாள் சரியாக வந்தது. அடுத்த மாதம் ஆகஸ்ட். ஒன்றாம் தேதி எட்டாம் தேதிக் கட்டடங்கள் வந்தன. இரண்டாம் தேதியும் எட்டாம் தேதிக் கட்டடங்களே வந்தன. மூன்றாம் நாள் காலையில், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் தேதியை விதவிதமாக அடித்துப் பார்த்தாள். நாளை முன்னால் போடாமல் மாதத்தை முன்னால் போட்டால் சரியான தாள் வந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தையல் மெஷின் துணியை ஒரு பக்கமாக இழுத்தால், நாம் கையை மறு பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறோம். அதற்காக மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. அன்றிலிருந்து அவள் மாதத்தை முன்னால் போட்டே அடித்தாள். அவரிடம் சொல்லவில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "இன்னிக்கும் சரியா வந்துச்சா?" என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஏன் அப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒன்றும் கஷ்டமில்லை. டேட்டாபேஸிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். குவெரி என்பார்கள்; கேள்வி என்றே வைத்துக்கொள்ளலாம். லிஃப்ட்காரர் எழுதியிருந்த கேள்வி எளிமையானது: இந்தத் தேதிக்குரிய கட்டடங்கள் எவை? 'இந்தத் தேதி' என்ற இடத்தில், பெட்டியில் அடிக்கும் எண்கள் அப்படியே போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு முன்னும் பின்னும், குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு என்று கோடு போட்ட குறி ஒன்று வேலி மாதிரி நிற்கும். வேலிக்குள் இருப்பது தேதி என்று மென்பொருள் தெரிந்துகொள்வது அந்தக் குறியை வைத்துத்தான். ஆனால் வேலிக்குள் வந்த எதையும் அது மாதம் முதலில், நாள் அடுத்து என்றுதான் படிக்கும். திரையின் மூலையிலுள்ள கடிகாரம் நாளை முதலில் காட்டினாலும் அதற்குக் கவலையில்லை. அதைச் செய்தவர்கள் ஊரில் அப்படி எழுதுவார்கள். அது அப்படிப் பழகிவிட்டது. ஆகஸ்ட் மூன்றை நாம் நாள் முன்னால் போட்டு அடித்தால், அது மார்ச் எட்டு என்று படிக்கும். ஆகஸ்ட் நான்கை ஏப்ரல் எட்டு என்று படிக்கும். அதனால்தான் எந்த நாள் கேட்டாலும் எட்டாம் தேதிக் கட்டடமே வந்து நின்றது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால், அந்த எண்ணில் மாதமே கிடையாது என்பது மென்பொருளுக்குத் தெரியும். அப்போது அது முரண்டு பிடிக்காது. தவறு என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் இரண்டையும் இடம் மாற்றிச் சரியாகப் படித்துக்கொள்ளும். அதன் மரியாதை அது. அந்த மரியாதையால்தான் வினை. மாதத்தின் பிற்பகுதி முழுவதும் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒருவனை யார் சந்தேகப்படுவார்கள்?

கணவர் சந்தேகப்பட்டார், ஆனால் தாமதமாக. போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்காகப் பழைய தேதிகளைத் தேடும்போது, இணையத்தில் யாரோ எழுதிய விளக்கம் கண்ணில் பட்டது. வேலிக்குள் மாதம்தான் முதலில். படித்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வருடமும் ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாள் தாள் தவறாகவா வந்துகொண்டிருந்தது? அப்படியானால் ஒருவர்கூட ஏன் திட்டவில்லை? மைத்துனன் கட்டடங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு தானே சமாளித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளுக்கு அந்தத் தாளின் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அவர் நம்பியிருந்தார். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மதியத்தில், பழைய கேள்வியை நகலெடுத்துத் தனியாக வைத்துவிட்டு, புதியதில் ஒரு படி சேர்த்தார். பெட்டியில் அடிப்பதை முதலில் நம் ஊர் வழக்கப்படி, நாள் முன்னால் என்று படித்து, அதற்குப் பிறகு ஆண்டு, மாதம், நாள் என்று குழப்பமே இல்லாத வரிசையில் எழுதி வேலிக்குள் அனுப்பும் படி அது. நாளை முன்னால் போட்டுப் பல தேதிகளை அடித்துப் பார்த்தார். எல்லாம் சரி. அன்று மாலை தேநீரைக் குடித்துவிட்டு, "டீ இன்னிக்கு நல்லாயிருக்கு" என்றார். தினமும் அதே டீதான்.

அப்போதும் மாதத்தின் பிற்பகுதி. அவள் வழக்கம்போல மாதத்தை முன்னால் போட்டுக்கொண்டிருந்தாள். மென்பொருளும் தன் மரியாதையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜூன் பிறந்ததும் குட்டு உடைந்தது. அவர் நேராக்கிய வழியில் அவள் சாய்த்துப் பிடித்த கை, சாய்ந்தே போய் விழுந்தது.

இது தெரியாமல் அவள் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பியை எதிரே நிற்க வைத்துவிட்டு, நாளை முன்னால் போட்டு அடித்தாள். அச்சுப்பொறி முனகியது. இரண்டாம் தேதிக் கட்டடங்கள் அழகாக வரிசையில் வந்தன.

"இந்தா. இதுதான் சரி."

"மொதல்ல ஏன் தப்பா வந்துச்சு?"

"அதுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல. போ."

தம்பி போனதும் அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். தானாகக் குணமாகியிருக்காது, அவர் கை வைத்திருக்கிறார். தெரிந்துதான் சரிசெய்திருக்கிறார், தன்னிடம் சொல்லாமல். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. பாவம், எப்போது கண்டுபிடித்தாரோ, எப்படித் தவித்தாரோ. இனிமேல் நேராகவே அடித்துவிட்டால் போயிற்று, எதற்கு அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்துவது என்று முடிவுசெய்து தொலைபேசியை எடுத்தாள்.

ஆனால் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவனா? மதியம் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் மாமாவுடன் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டான்.

"மாமா, உங்க கம்ப்யூட்டர் ரெண்டு நாளா ஒரே வீட்டு வாசல்ல கொண்டுபோய் விடுது. ஒன்னாம் தேதி ஆறாம் தேதி வேலை. ரெண்டாம் தேதியும் ஆறாம் தேதி வேலை."

லிஃப்ட்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் திரும்ப வைத்தார். "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா, மாப்ள?"

"எனக்குத் தெரிஞ்சு வந்ததே இல்ல மாமா. கடிகாரம் மாதிரி இருந்துச்சு."

அவருக்கு அது போதும். வருடக்கணக்கில் சரியாக ஓடியதைத் தானே கெடுத்திருக்கிறார். இணையத்தில் எவனோ எழுதியதை நம்பியது தன் புத்தி. சாயங்காலம் மனைவி வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியுடன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போய், தனியாக வைத்திருந்த பழைய கேள்வியை எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தார். திருட்டுத்தனமாகப் பலகாரம் எடுத்தவர் டப்பாவை மூடுவதுபோல மூடினார்.

மூன்றாம் தேதி காலையில் தம்பி புதிய கம்பிவடம் வாங்கப் போயிருந்தான். அக்கா நேராக, நாளை முன்னால் போட்டு அடித்து, தாளைப் பார்க்காமலேயே உறையில் செருகினாள். நேற்றே சோதித்தாயிற்று, இன்னும் என்ன பார்ப்பது. லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் தேதிதான் அவர்களுக்கு முக்கியமான தேதி. அடுத்த தெருவிலுள்ள ஐந்து மாடிக் குடியிருப்புக்கு அன்றைக்குத்தான் முறை. லிஃப்ட்காரர் சொந்தமாகத் தொழில் தொடங்கி முதன்முதலில் பொறுப்பெடுத்த லிஃப்ட் அது. ஐந்தாம் மாடியில் செஸ் டீச்சர் இருந்தார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே ஒரு பள்ளிக்குப் போய்க் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவர். லிஃப்ட் நின்றால் அவருக்கு உலகம் அந்த வாசலோடு நின்றுவிடும். இரண்டு மாதமாக அந்த லிஃப்ட் அவ்வப்போது மக்கர் செய்தது. குடியிருப்பின் செயலாளர் ஒரு பெரிய கம்பெனியின் ஆட்களை வரவழைத்துப் பேசிவைத்திருந்தார். "இந்த மாசம் ஒரு தடவை நின்னாலும் அவங்களைத்தான் கூப்பிடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மூன்றாம் தேதி போனதும் ஒவ்வொரு மாடிக் கதவையும் கழற்றித் துடைத்துவிடுவது என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் திட்டம் போட்டு வைத்திருந்தார். தாளில் முதல் வரியை மட்டும்தான் பார்த்தார்; அது அச்சகமாக இருந்ததால், அதை முடித்துவிட்டு அங்கே போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அச்சகத்துக் காவலாளி இந்தத் தடவை கதவையே திறக்கவில்லை. கம்பி வழியாகப் பேசினார்.

"முதல் நாள் உங்க ஆளு வந்தாரு. நேத்தும் வந்தாரு. இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்க. நாளைக்கு வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

லிஃப்ட்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தாளை விரித்தார். ஆறாம் தேதிக் கட்டடங்கள். புதிய கேள்வியை வைத்தபோதும் ஆறாம் தேதிக் கட்டடம் வந்தது. பழைய கேள்வியைத் திரும்ப வைத்தபோதும் ஆறாம் தேதிக் கட்டடம் வருகிறது. அவர் அப்படியே நின்று யோசித்தார். லிஃப்ட் ஒன்று இரண்டு வேறு மோட்டாரிலும் ஒரே மாதிரி தவறான மாடியில் நின்றால், கோளாறு மோட்டாரில் இல்லை. பொத்தானை அழுத்துகிறவர் வேறு பொத்தானை அழுத்துகிறார். கணினிக்குக் கோபமோ கிறுக்கோ கிடையாது. கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். கேள்வி மாறியும் பதில் மாறவில்லையென்றால், கேள்வியோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் மாறியிருக்க வேண்டும். பெட்டியில் அடிக்கிற விரல். அது எப்படி அடித்திருந்தால் இத்தனை வருடம் பழைய கேள்வியிலும் சரியான தாள் வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. அவர் முகம் மெல்லச் சூடானது. பாவி, ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லையே.

அந்த நேரத்தில் கைபேசி அடித்தது.

"என்னங்க, டீச்சர் வீட்டு லிஃப்ட் நின்னுடுச்சு. நீங்க காலைலயே வரலையாமே? செயலாளர் கத்துறாரு. டீச்சருக்கு இன்னிக்கு மதியம் போட்டி இருக்காம், பிள்ளைங்க காத்திட்டிருக்காங்களாம். நான் நடந்தே போறேன், நீங்க சீக்கிரம் வாங்க."

அவர் போனபோது லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றிருந்தது. படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனார். டீச்சர் மூடிய கதவுக்கு முன்னால், மடியில் சதுரங்கப் பலகைகள் வைத்த பையோடு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லிஃப்ட்காரரின் மனைவி மூச்சு வாங்க நின்றிருந்தாள். "எத்தனை நேரம்?" என்றார் டீச்சர். "பார்த்துட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றார் லிஃப்ட்காரர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து, தன் சாவியால் ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்து, லிஃப்ட் கூரையின் மேல் இறங்கினார். வெளியே நின்றவர்களுக்கு அவருடைய இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தது.

ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் உள்பக்கம் மேலே ஒரு சின்னச் செம்பு முனை உண்டு. கதவு முழுவதும் மூடினால் முனையும் முனையும் தொடும். எல்லா மாடி முனைகளும் தொட்டால்தான் மோட்டாருக்கு அனுமதி கிடைக்கும். ஒன்றில் தூசி படிந்தாலும் லிஃப்ட் நகராது. யாரும் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். சாவு பயத்தில் பிறந்த நல்ல ஏற்பாடு. ஐந்தாம் மாடி முனை கறுத்துப் போயிருந்தது.

"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டு" என்றார் மனைவியிடம்.

காட்டினாள். அவர் மெல்லிய உப்புத்தாளை மடித்து முனையைத் தேய்த்தார்.

"இன்னிக்குத் தேதியை எப்படி அடிச்ச?"

"எப்படின்னா?"

"நாள் முன்னாடியா, மாசம் முன்னாடியா?"

வெளிச்சம் ஒரு கணம் சுவரில் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தது.

"இன்னிக்கு நாள் முன்னாடி."

"நேத்து?"

"நேத்து மொதல்ல மாசம். அப்புறம் நாள்."

"அதுக்கு முன்னாடி?"

"மாசம்தான்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க அதைச் செஞ்சதுலேர்ந்து" என்றாள். டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "நீங்க எப்போ சரி பண்ணீங்க?" என்றாள்.

"போன மாசம். நேத்து சாயங்காலம் மறுபடி கெடுத்தேன்."

"நேத்தா? நான் நேத்துதானே நேரா அடிக்க ஆரம்பிச்சேன்."

அவர் உப்புத்தாளை வாயில் கவ்விக்கொண்டு துணியால் முனையைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் தாளை எடுத்துவிட்டு, "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்."

சக்கர நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. டீச்சர் முன்னால் நகர்ந்து வந்திருந்தார். "என் கிளாஸ்ல ரெண்டு பிள்ளைங்க இப்படித்தான். எதிராளி நகர்த்தினதைப் பார்க்கவே மாட்டாங்க, அவங்கவங்க காயை நகர்த்திக்கிட்டே இருப்பாங்க. கடைசில ரெண்டு ராணியும் பக்கத்துப் பக்கத்துல நின்னு முழிக்கும்" என்றார். "நீங்க பேசி முடிச்சாச்சுன்னா, எனக்குக் கீழே போகணும்."

படியேறி வந்த செயலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சுவிட்டார்.

"காலைல வரவேண்டியவங்க எங்க போனீங்க?"

"தேதியை நான்தான் சார் தப்பா அடிச்சுட்டேன்" என்றாள் அவள். "இல்ல சார், அதைத் தப்பாச் செஞ்சது நான்" என்றார் அவர் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து. இரண்டு பேச்சும் ஒன்றாகவே வந்தன. செயலாளர் குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு தப்புன்னு உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. கம்பெனிக்காரங்களுக்கு நான் சாயங்காலம் பதில் சொல்லணும்."

"சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் சொல்லுங்க" என்றார் டீச்சர். "ஏறி இறங்குறவ நான்தானே."

லிஃப்ட்காரர் மேலே ஏறிவந்து கதவை மூடினார். மின்சாரம் வந்தது. லிஃப்ட் ஒரு நொடி யோசித்துவிட்டு மெதுவாக மேலே வந்து, தரையோடு தரையாக, ஒரு விரல்கூட மேடு பள்ளம் இல்லாமல் நின்றது. டீச்சர் தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்தார். செயலாளர் படிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு டீச்சருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மற்ற மாடி முனைகளையும் துடைத்து முடிக்க மாலையாகிவிட்டது. மூன்றாம் தேதியின் மிச்ச வேலையைத் தம்பி பார்த்துக்கொண்டான். டீச்சர் வரட்டும் என்று கணவனும் மனைவியும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விளக்க ஆரம்பித்தார்; விளக்காமல் அவரால் உட்கார முடியாது.

"உள்ள பார்த்தா தேதின்னு ஒன்னே கிடையாது, தெரியுமா? வெறும் எண்ணுதான். எப்போவோ ஒரு நாளைப் பூஜ்யம்னு வெச்சுக்கிட்டு, நாளுக்கு ஒன்னு கூட்டிக்கிட்டே வருது. நேரம்னா அந்த எண்ணோட பின்னம். மதியம் பன்னெண்டுன்னா அரை. காலைல ஆறுன்னா கால். சாயங்காலம் ஆறுன்னா முக்கால்."

"இப்போ?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போ முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள மாசமும் இல்ல, நாளும் இல்ல, சண்டையும் இல்ல. வெளிய வந்து எழுதும்போதுதான் யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு தகராறு."

அவள் படியில் கிடந்த உப்புத்தாள் துண்டை எடுத்து மடித்தாள். "போன்ல யாராவது விலாசம் சொன்னா நான் திருப்பிச் சொல்றேன் இல்ல? ரெண்டாவது குறுக்குத் தெரு, பச்சை கேட்டு, சரிதானேன்னு. அதுவும் அப்படித் திருப்பிச் சொன்னா என்ன? நான் அடிச்சதை அது என்னன்னு புரிஞ்சுக்கிச்சோ, அதை எழுத்துல காட்டட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். வேலிக்குள் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதத் தெரிந்த தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தவர்போல உதட்டைப் பிதுக்கினார். "நல்லா இருக்கே" என்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. டீச்சர் சாய்தளத்தில் ஏறி வந்தார். பையைத் திறந்து காட்டுவதற்குள் அவர் முகமே சொல்லிவிட்டது, பிள்ளைகள் நன்றாக ஆடியிருக்கிறார்கள். செயலாளர் எங்கிருந்தோ வந்து லிஃப்ட் பொத்தானை டீச்சருக்காக அழுத்தினார். கதவு திறந்தது, மூடியது, மேலே ஒவ்வொரு எண்ணாக விளக்கு மாறியது. ஐந்தில் போய் நின்றது. மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் செயலாளர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த மாசம் மூணாம் தேதி காலைல யாரு வருவீங்க?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும்.

"ஒருத்தர் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் கையைக் கழுவிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். சரியான கேள்வியைத் திரும்பவும் வைத்தார். பெட்டிக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, அதில் தேதியைக் கிழமையோடு எழுத்தில் காட்டும்படி செய்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

அவள் ஜூலை மூன்றை நாள் முன்னால் போட்டு அடித்தாள். கீழே 'வெள்ளிக்கிழமை, ஜூலை மூன்று' என்று வந்தது. பட்டியலில் முதல் வரி டீச்சரின் குடியிருப்பு. அவள் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அழித்துவிட்டு, தன் பழைய வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டாள்.

'சனிக்கிழமை, மார்ச் ஏழு.'

"அது போயாச்சு" என்றார் அவர்.

"தெரியும். அன்னிக்கு எங்க இருந்தோம்னு பார்க்கிறேன்." அவள் பொத்தானை அழுத்தினாள். ஏழாம் தேதிக் கட்டடங்கள் வந்தன. முதலில் கடைத்தெருவிலுள்ள துணிக்கடை. "இதுலதானே, நீங்க சாவியை மறந்துட்டுப் போய், நான் கொண்டுவந்து குடுத்தேன்?"

"ஆமா. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேனே."

"தண்ணி டேங்க் நிழல்ல உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டோம். கீழ ஒரே கூட்டம். யாரும் மேல பார்க்கல."

வாசலில் தம்பியின் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாளைய தாளுக்காக அவன் உறையைத் தட்டிப் பார்த்தான், காலியாக இருந்தது. உள்ளே இருவரும் திரும்பவில்லை. திரையில் சனிக்கிழமைக்கு மேலே, தேதிப் பெட்டிக்குள், சின்னக் கோடு ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.